விளைக்குப் போர் போடப் போகிறீர்களா? பட்டாவிலிருந்து ஓணச் சந்தை வரை

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்து நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பாசனத்துக்கு ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரைதான் தண்ணீர். அதன்பிறகு மூன்று மாதம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, கருங்கல் பக்கம் ஒரு ஏக்கர் இருபது சென்ட் விளையில் (தோட்ட நிலத்தில்) ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்தபோது இந்தக் கணக்கு என் மண்டையில் ஏறவில்லை. எங்களுடையது பட்டணங்கால் வாய்க்காலின் கடைவரம்பு, அதாவது கடைசி முனை. திறந்துவிட்ட மாதங்களிலேயே எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஐப்பசியில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டேன், பீறிட்டு அடித்தது. சித்திரையில் அதே போரில் மோட்டார் காற்றை இறைத்தது. அந்த ஓணத்துக்கு வெட்டிய குலைகளைப் பார்த்த வியாபாரி, ஒரு காயை நகத்தால் கீறிவிட்டு, "சிப்ஸுக்கு ஆகாது" என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார்.

இரண்டாவது போர், பட்டா மாற்றம், மின் இணைப்புக்குப் பதிவு, சொட்டுநீர் என்று எல்லாம் ஒரு வழிக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதில் பாதி அலைச்சல், எதை முதலில் செய்வது என்று தெரியாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். மானிய விகிதமும் கட்டணமும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அந்தந்த அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதத்தை எண்ணுங்கள்

ஏத்தன் நட்டால் வெட்டப் பத்து, பதினோரு மாதம். ஓணம் ஆவணியில் வரும். ஆகவே ஓண விலையைப் பிடிக்க நினைக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கன்று வைக்கிறோம். வைத்த ஐந்தாறு மாதத்தில் தண்டுக்குள்ளேயே பூ உருவாகத் தொடங்கிவிடும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குலையில் எத்தனை சீப்பு, சீப்பில் எத்தனை காய் என்பது அப்போதே முடிவாகிறது. எண்ணிப் பார்த்தால் அது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை வரும். வாய்க்கால் மூடியிருக்கும் அதே காலம். அந்த எட்டு, பத்து வாரத்துக்கு வாழையைத் தாங்குவது நிலத்தடி நீர் மட்டுமே. ஆவணியில் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற லாரியில் குலை கனமாக இருக்குமா, சப்பையாக இருக்குமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

ஆகையால் போர் போடப் பங்குனி, சித்திரைதான் சரியான நேரம். பக்கத்து விளைக்காரர், எழுபது வயதுப் பெரியவர், என் முதல் போரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, ஐப்பசியில தோண்டினா எந்தக் குழியிலயும் தண்ணி உண்டு. சித்திரையில உண்டான்னு பாரு." நான் கேட்கவில்லை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் கிடைப்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை எடுக்கிற எந்த அளவும் நம்மை ஏமாற்றும். கோடையில் போர் வண்டிக்குக் கிராக்கி அதிகம், மாசியிலேயே சொல்லி வையுங்கள்.

2. பட்டாவை எடுத்து வாசியுங்கள்

மண்ணைத் தோண்டும் முன் காகிதத்தைத் தோண்ட வேண்டும். மின் இணைப்பு, சொட்டுநீர் மானியம், உழவர் சந்தை அட்டை எல்லாவற்றுக்கும் பட்டாதான் அடிப்படை. அரசின் இணைய சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா நகலை இலவசமாக எடுக்கலாம். எடுத்ததும் மூன்றைப் பாருங்கள்: பெயர் யாருடையது, உட்பிரிவு எண் இருக்கிறதா, பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா.

என் பட்டா தாத்தா பெயரில் இருந்தது. அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது, வாரிசுகள் மூன்று குடும்பம், அதில் ஒன்று மும்பையில். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்து, சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து பட்டா என் கைக்கு வர ஏழு மாதம். போரைப் போட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்கியதுதான் என் முட்டாள்தனம். நீங்கள் இதைக் கார்த்திகையிலேயே தொடங்கினால் சித்திரைக்கு ஓரளவு தெளிவாகிவிடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. 1956 வரை இது திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்பதால் பழைய தாய்ப்பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு கேட்பார்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் ரீசர்வே எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டப் புல வரைபடத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்குளம், விளவங்கோடு, தோவாளைப் பகுதிகளில் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், தங்கள் சர்வே எண் தனியார் காடுகள் பட்டியலில் வருகிறதா என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். வருகிறதென்றால் அனுமதி வாங்காமல் மண்வெட்டியைக்கூட எடுக்காதீர்கள்.

3. கிணறா, போரா?

எல்லோரும் போர் என்றே தொடங்குகிறார்கள். நிலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம், கொல்லங்கோடு போலக் கடலை ஒட்டிய மணற்பாங்கில் ஆழப் போர் வேண்டவே வேண்டாம். அங்கே மழையில் ஊறிய நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஆழத்திலிருந்து வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு இறங்கப் பல மழை வேண்டும். உறைக்கிணறும் சின்ன மோட்டாருமே அங்கே பாதுகாப்பு. ஆரல்வாய்மொழிப் பக்கம் மழையும் குறைவு, கீழே கடினப் பாறை. போர் ஆழம் போகும், செலவும் போகும். நடுவில் எங்களைப் போல வெட்டுக்கல்லும் செம்மண்ணும் உள்ள பகுதியில், பழைய கிணறு ஒன்று இருந்தால் அதைத் தூர்வாரி ஆழப்படுத்துவது பல நேரம் புதுப் போரைவிட நல்லது. என்னிடம் பழைய கிணறு இல்லை.

செலவில்லாத ஆராய்ச்சி ஒன்று உண்டு. சுற்றிலும் ஐந்து வீட்டில் போய், போர் எத்தனை அடி, கேசிங் (மண் சரியாமல் போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) எத்தனை அடி, எந்த மாதம் தண்ணீர் குறைகிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் இரண்டாம் முறை இதைச் செய்தேன். மூன்று வீட்டில் 280 அடியிலிருந்து 310 அடிக்குள் ஊற்று வந்திருந்தது. என் முதல் போர் 180 அடியோடு நின்றுபோனது.

4. இடம் பார்ப்பதும் அனுமதியும்

முதல் போருக்குத் தேங்காய் வைத்துப் பார்க்கிறவரை அழைத்தேன். தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீர் நிற்கவில்லை. அடுத்த முறை வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்தேன். அவர்கள் மின்தடை அளக்கும் கருவி கொண்டு வந்து நிலத்தில் கம்பிகள் அடித்துப் பார்க்கிறார்கள். கட்டணம் தனியார் கேட்பதைவிடக் குறைவு, காத்திருப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். கருவி சொல்வதும் வாய்ப்புத்தான். ஆனால் எத்தனை அடியில் பாறை தொடங்குகிறது என்று தெரிந்தால் கேசிங் செலவைக் கணக்குப் போட்டுவிடலாம்.

தோண்டுவதற்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு முன் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். பட்டா நகல், வரைபடம், ஆதார், போர் வண்டியின் பதிவுச் சான்று நகல் சேர்த்துக் கொடுங்கள். பதிவில்லாத வண்டி மலிவாக வரும். பிரச்சினை என்று வந்தால் உங்களுக்குக் கையில் பில்கூட இருக்காது. வண்டி உள்ளே வரும் பாதையின் அகலத்தையும் மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் நீங்களே நடந்து பாருங்கள். எங்கள் விளைக்குள் வண்டி திரும்ப இடமில்லாமல் காய்க்கிற தென்னை ஒன்றை வெட்ட வேண்டி வந்தது.

5. போர் வண்டி நிற்கும் நாள்

அன்றைக்கு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயா குடிக்கக்கூட நகராதீர்கள்.

தொடங்கும் முன் விலையை எழுதி வாங்க வேண்டும்: அடிக்கு எவ்வளவு, எத்தனை அடிக்கு மேல் விலை ஏறும், கேசிங் அடிக்கு எவ்வளவு, வண்டி வாடகை தனியா சேர்த்தா, தண்ணீர் வராவிட்டால் என்ன. எனக்கு 300 அடி வரை அடிக்கு 95 ரூபாய், அதற்கு மேல் 105. கேசிங் அடிக்கு 450. போர் 320 அடி போனது, கேசிங் 60 அடி இறங்கியது. ஆக 30,600-ம் 27,000-ம் சேர்ந்து 57,600 ரூபாய்.

பில்லில் கேசிங் 80 அடி என்று எழுதியிருந்தது. குழாய் ஒன்று 20 அடி. நான் சாயா குடிக்கப் போன கால் மணி நேரத்தில் நான்காவது குழாயையும் இறக்கிவிட்டோம் என்றார் மேற்பார்வையாளர். வண்டியில் வந்த குழாய்களைக் காலையிலேயே என் மகன் எண்ணி வைத்திருந்தான். மிச்சக் குழாய் தென்னை மூட்டில் சாய்ந்தபடி இருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் தப்பியது. ஆகவே வண்டி வந்ததும் குழாயை எண்ணுங்கள். துளைக்கும் ராடின் நீளத்தையும் அளந்துகொண்டு, ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கோடு போடுங்கள். ஆழத்துக்குச் சாட்சி உங்கள் கோடுகள்தான்.

ஒரு ராடுக்கு ஒரு பிடி என, வெளியே வரும் தூளைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள். எங்களுக்கு முதலில் செங்காவித் தூள் வந்தது, பிறகு மஞ்சள் கலந்த களி, ஐம்பத்தைந்து அடிக்குப் பிறகு சாம்பல் நிறத்தில் மாவு போலப் பறந்தது. பாறை தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். கேசிங் அந்தக் கெட்டிப் பாறைக்குள் ஓரிரண்டு அடியாவது உட்கார வேண்டும். இங்கே சிக்கனம் பார்த்தால் மழைக்காலத்தில் செம்மண் சரிந்து போர் தூர்ந்துவிடும், பம்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் வராவிட்டால் கோணியைப் போட்டு மூடிவிட்டு வராதீர்கள். 2019-ல் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் குழந்தை சுஜித் விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கைவிடும் போரை அடியிலிருந்து தரை மட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும். பயன்படுத்தும் போரைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமென்ட் மேடை, தரைக்கு மேலே 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறி. குழாய் வாய்க்கு இரும்பு மூடியைப் பற்றவைத்து அல்லது போல்ட் போட்டு இறுக்குங்கள். தோண்டும் நாட்களில் சுற்றி வேலியும் பலகையும் வேண்டும்.

6. எவ்வளவு தண்ணீர், எப்படிப்பட்ட தண்ணீர்

"ரெண்டு இன்ச் தண்ணி" என்று போர்க்காரர் சொல்வதை வைத்துப் பம்பு வாங்காதீர்கள். மோட்டாரை நாலைந்து மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டு, கடைசியில் 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். என் போரில் சித்திரை நடுவில் 160 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 75 லிட்டர், மணிக்கு 4,500.

வாழைக்குச் சொட்டுநீரில் வயதைப் பொறுத்து நாளைக்கு மூடு (வாழை) ஒன்றுக்கு 15 முதல் 25 லிட்டர் வேண்டும். என் 800 மூட்டுக்கு 20 லிட்டர் வீதம் 16,000 லிட்டர். மூன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். கடைக்காரர் 5 எச்.பி. தான் வேண்டும் என்று நின்றார். இந்தத் தண்ணீருக்கும் ஆழத்துக்கும் 3 எச்.பி. போதுமானது. பெரிய மோட்டார் போட்டால் ஊற்று ஊறும் வேகத்தைவிட வேகமாக இறைத்து, பம்பு வறண்டு ஓடும். தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும் கருவியையும் பேனலில் சேர்த்து வாங்குங்கள். பம்பு, குழாய், கேபிள், பேனல் எல்லாம் 62,000 ஆயிற்று.

தண்ணீர் சோதனைக்கு, மோட்டார் ஓடிப் பதினைந்து நிமிடம் கழித்து, அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி அரை லிட்டர் பிடித்து, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். முடிவில், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து திறன் (EC, dS/m) என்ற எண்ணைப் பாருங்கள்: 0.75-க்குள் என்றால் கவலையில்லை, 2.25-ஐத் தாண்டினால் வாழைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. இந்த அறிக்கை சொட்டுநீர் மானியத்துக்கும் தேவைப்படும், நகல் எடுத்து வையுங்கள்.

7. மின் இணைப்பு

விவசாய மின்சாரம் இலவசம். இணைப்பு கிடைப்பதுதான் பாடு. சாதாரண வரிசையில் பதிந்தால் கம்பம், கம்பிச் செலவு உங்கள் தலையில் இல்லை, காத்திருப்பு வருஷக்கணக்கு. தட்கல் என்ற விரைவு வரிசை திறக்கும்போது பணம் கட்டி முந்தலாம்: 5 எச்.பி. வரை 2.5 லட்சம், 7.5-க்கு 2.75 லட்சம், 10-க்கு 3 லட்சம், 15-க்கு 4 லட்சம் என்று கட்டணம் இருந்தது. அறிவிப்பு வரும் காலத்தில் மட்டும்தான் அந்த வாசல் திறக்கும். ஒரு ஏக்கர் வாழைக்கு இரண்டரை லட்சம் கட்டுவது லாபமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்; எனக்கு ஒத்துவரவில்லை.

எந்த வரிசை என்றாலும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: கிராம நிர்வாக அலுவலர் தரும் நிலம் மற்றும் கிணற்று உரிமைச் சான்று, பட்டா, சிட்டா, போர் இருக்கும் இடத்தைக் குறித்த புல வரைபடம், ஆதார், புகைப்படம். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் முத்திரைத் தாளில் வேண்டும். நம்மூரில் எல்லாம் முப்பது, நாற்பது சென்ட் துண்டுகள்; உங்கள் பரப்புக்கு விவசாய இணைப்பு உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு எண் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். என் முதல் விண்ணப்பத்தை ரசீது இல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். வரிசையில் நாலு மாதம் பின்னால் போனேன்.

விண்ணப்பத்தில் எழுதிய எச்.பி. தான் மோட்டாரிலும் இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் பொருத்த வேண்டும். விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பதும், லாரிக்குத் தண்ணீர் விற்பதும் அபராதத்தில் முடியும்.

காத்திருக்கும் வருஷங்களுக்குச் சூரிய சக்தி பம்பு ஒரு வழி. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகப் பொதுப் பிரிவுக்கு 60 சதவீத மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல். நான் இதைத்தான் எடுத்தேன். ஆனால் அதில் கையெழுத்துப் போடும் முன், இலவச மின் இணைப்பு வரிசையில் உங்கள் இடம் என்னவாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆடியில் மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால் பம்பு முனகும். அப்போது மழையும் பெய்யும் என்பதால் பெரிய நஷ்டமில்லை.

8. சொட்டுநீர்

சிறு, குறு விவசாயிக்கு ஐந்து ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்குப் பன்னிரண்டரை ஏக்கர் வரை 75 சதவீத மானியம். சிறு, குறு விவசாயி சான்று தாசில்தாரிடமிருந்து. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதோடு பட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), புல வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, மண், நீர் பரிசோதனை அறிக்கை. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பதியலாம், உழவன் செயலியிலும் பதியலாம். ஒருமுறை வாங்கினால் அதே நிலத்துக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் மறுபடி.

சொட்டுநீரோடு சேர்த்துத் துணை மானியங்களும் உண்டு: மோட்டாருக்குப் பாதி விலை, உச்சம் 15,000, பாசனக் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 வரை, தரைமட்டத் தொட்டிக்கும் ஒரு பங்கு, நிலத்தடி நீர் 'பாதுகாப்பானது' என்று வகைப்படுத்திய குறுவட்டங்களில் துளைக்கிணற்றுக்கு 25,000. மோட்டாரை வாங்கிப் போட்டுவிட்டுப் பில்லோடு போனேன், கிடைக்கவில்லை. பதிவும் பணி ஆணையும் முன்னால், செலவு பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரில் இரும்பு உண்டு. டிரிப்பர் வாயில் செங்காவி படிந்து இரண்டே மாதத்தில் அடைத்தது. வலை வடிகட்டிக்குப் பதில் டிஸ்க் வடிகட்டி கேளுங்கள். வாரம் ஒருமுறை குழாய்களின் கடைசி முனையைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். இளஞ்சிவப்பாக வருவது தெளியும் வரை.

9. குலையை எங்கே இறக்குவது

ஏத்தன் கிலோ கணக்கு. மட்டி போன்ற பழக்குலைகள் குலைக்கு விலை. நாகர்கோவில் அப்டா மார்க்கெட், மார்த்தாண்டம், கருங்கல் என்று சந்தை பல. ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் கேரள வியாபாரிகள் விளைக்கே வருவார்கள். விளையில் விற்றால் வண்டிக்கூலியும் கமிஷனும் இல்லை, ஆனால் தராசு அவர்களுடையது. என்னுடைய தராசு ஒன்றை வாங்கி வைத்த பிறகு பேச்சு சுருங்கிவிட்டது.

சிப்ஸ்காரருக்குக் காயின் விளிம்பு மழுங்கி முற்றியிருக்க வேண்டும். மாசி முதல் சித்திரை வரை தண்ணீர் குறைந்த வாழையில் சீப்பும் குறையும், காயும் ஒல்லியாகவே நிற்கும், கடைசி மாதம் எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

கழிவு குலைகளையும் ஊடுபயிரான கீரை, வெள்ளரி, மரச்சீனியையும் (மரவள்ளி) விற்க உழவர் சந்தை அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் கொடுத்தால் அலுவலர் விளைக்கு வந்து பயிரைப் பார்த்துவிட்டுத் தருவார். அவர் வரும்போது நிலத்தில் நிற்கிற பயிரைத்தான் அட்டையில் எழுதுவார்; ஆகவே வெட்டி முடித்த விளையைக் காட்டிவிட்டு வாழை விற்க முடியாது. நான் புரட்டாசியில் அழைத்தேன். அட்டையில் மரச்சீனி மட்டும்தான் இருக்கிறது.